வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவை

புர்னோ நகரத் தொழில் உரிம அலுவலகம்.
டோக்கன் எழுபத்துமூன்று.
கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண்
ஒரு தாளைத் தள்ளினாள்.
எண்பது வரி, எண்பது தொழில்.
மீன் வளர்க்கலாம், கரி சுடலாம்,
நாய்க்கு முடி வெட்டலாம்.
பல் போன ஜிப்புக்குப் பல் கட்டுவது மட்டும்
எந்த வரியிலும் இல்லை.

துணி வேலையா, உலோக வேலையா என்றாள்.
என்னிடமிருந்த செக் மொழி
'இரண்டும்' என்பதோடு தீர்ந்துபோனது.
எழுந்து நின்று என் கோட்டையே
சர்ரென்று கீழிறக்கி
சர்ரென்று மேலேற்றிக் காட்டினேன்.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
பேனாவைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனாள்:
வேறெங்கும் வகைப்படுத்தப்படாத பிற சேவைகள்.
டிக்.
ஆயிரம் கொரூனா.

கிர்கிஸ் பாஸ்போர்ட்டுக்குள் ரசீதைச் செருகும்போது
விசா முடியும் தேதி கண்ணில் பட்டது.
மூடிவிட்டேன்.

லாட்டரிச் சீட்டு விற்ற இடம் அது.
இரண்டு எட்டு வைத்தால் சுவர்.
மூன்று வருட ஒப்பந்தம் என்றார் ஸ்கோமல்.
எனக்கே பதினோரு மாதம்தான் அனுமதி என்றேன்.
'அப்படியானால் மிச்ச நாளைக்குக்
கடை தனியாக இருக்கட்டும்'
என்று சொல்லி, வங்கிக் கணக்கு எண் கேட்டார்.
வங்கியில் கடை ஒப்பந்தம் கேட்டார்கள்.
இருவருக்கும் நடுவே
நான்காம் எண் டிராமில் ஒன்பது நாள் நான்,
விடுதியில் வைத்தால் காணாமல் போகுமென்று
மடியில் தையல் மெஷின் மோட்டார்.

பலகை எழுதியவர் பெயர் கேட்டார்.
ஐஜமால்.
நடு எழுத்தின் தலையில் ஒரு கொக்கி போட்டார்.
இந்த ஊரில் அந்த ஒலிக்கு அது வேண்டுமாம்.
கொக்கிக்குத் தனிக் காசு வாங்கவில்லை.

எதிரே நகம் பூசும் கடை லியெனுக்கு.
'ரசீதை ஒன்றிலிருந்து தொடங்காதே,
முதல் ஆளாக இருக்க
இங்கே யாருக்கும் பிடிக்காது' என்றாள்.
நூற்று நாற்பத்தேழில் தொடங்கினேன்.

முதல் போணி ஒரு டிராம் ஓட்டுநர்.
ராடோவான்.
இடது கையால் காற்சட்டையைப் பிடித்தபடி வந்தார்.
வெளியே டிராம் நிற்கிறது, ஆட்களோடு.
திரைக்குப் பின்னால் அவர், காலுறையோடு,
நிமிடம் நிமிடமாக நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
ஜிப்பின் தலை வாய் பிளந்திருந்தது, அவ்வளவுதான்.
குறடால் இரு பக்கமும் அழுத்தினேன்.
கடித்தது.
தொண்ணூறு கொரூனா, எல்லாம் சில்லறை.
போகும்போது டிராம் இரண்டு முறை மணியடித்தது,
எனக்கா, தண்டவாளத்தில் நின்ற நாய்க்கா, தெரியாது.

மார்ச்சில் கணக்கர் கோபெச்னா
ரசீதுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.
'ஒன்று முதல் நூற்று நாற்பத்தாறு வரை எங்கே?'

எங்கே.
கார் உதிரிபாகத் தொழிற்சாலை விடுதியில்,
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சரிசெய்தவை:
மங்கோலியன் ஒருவனின் கோட்டு,
உக்ரைன்காரி ஒக்ஸானாவின் பூட்ஸ்,
வேலை போனவன் ஊருக்கு எடுத்துப்போன பெட்டி.
கூலி ஒரு தேநீர், அல்லது அவித்த முட்டை,
பல நாள் ஒன்றுமில்லை.
அப்போது உரிமம் இல்லாத கை.
எண்ணி வைக்கவில்லை.
நூற்று நாற்பத்தாறுக்குக் குறைந்திருக்காது.

'எண் தவறு' என்றேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள்.
தாளில் 'எண் தவறு' என்று எழுதினாள்,
கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.
பிறகு தன் கைப்பையை மேசைமேல் வைத்தாள்.
'ஒரு மாதமாக இப்படித்தான்,
மூடவே மாட்டேன் என்கிறது.'

குறடு என் பையிலேயே இருந்தது.
இரண்டு நிமிடம்.
ரசீது வேண்டாம் என்றாள்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்
கிழித்துக் கொடுத்தேன்.